ஸ்லோவில் நிற்காத வண்டி

அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது என்பது எங்கள் தெருவுக்குத் தெரியும். வண்டியை வாடகைக்குப் பேச வருகிறவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பேசும்போது அப்பா அவர்களுடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். புரிந்தால் தலையை ஆட்டுவார். புரியாவிட்டாலும் ஆட்டுவார், ஆட்டிவிட்டு என்னைப் பார்ப்பார். நான் பக்கத்தில் நின்று, "அப்பா, நாளைக்கு எட்டு மணிக்கு நம்ம மேட்டுப்பாளையத்துல சரக்கு ஏத்தணுமாம்" என்று வந்தவர் சொன்னதையே ஒருமுறை உரக்கச் சொல்வேன். பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கே பேசுகிற பெண் என்று எனக்குப் பெயர் வந்தது அப்படித்தான். அப்போது எனக்குப் பதினோரு வயது. எழுபதுகளின் பின்பாதி.

அதற்கு முன் அப்பா மில்லில் வேலை பார்த்தார். தறிகளின் இரைச்சலுக்கு நடுவே நாளெல்லாம் நிற்கிறவர்களுக்கு, எதிரே இருப்பவரின் வாயைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும் பழக்கம் தானாக வந்துவிடும். மில்லை விட்டு வெளியே வந்து, அமைதியான ஓர் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் அது வெறும் பழக்கமில்லை, காது போய்விட்டது என்று தெரியும். அப்பாவுக்கும் அப்படித்தான் தெரிந்தது. மில் மூடிக் கிடந்த ஒரு சமயத்தில் அவர் அந்த வேலையை விட்டுவிட்டுப் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி ஓட்ட ஆரம்பித்தார். காதை நம்பி இனி வேலைக்குப் போக முடியாது, கையும் காலும் கண்ணும் போதும் என்கிற வேலையாகப் பார்த்தேன் என்று அம்மாவிடம் சொன்னாராம். எஞ்சினுக்கும் காது வேண்டும் என்பது வாங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் யாரோ ஒரு வியாபாரி கப்பலில் வரவழைத்த வண்டி அது. கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்திருந்தது. டவுனில் இருந்த கிழவர்கள் அதைப் பார்த்தால் பிரெஞ்சில் "கமியோன்" என்பார்கள். நாங்கள் வண்டி என்றோம். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் பலகை அடித்த திறந்த தொட்டி. மூலக்குளத்தில், வில்லியனூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த எங்கள் ஓட்டு வீட்டின் பக்கச் சுவரை ஒட்டித்தான் அது நிற்கும். அந்தப் பக்கம் அப்போது வீடுகள் குறைவு, வயல்தான் அதிகம். வண்டி கிளம்பினால் வயலில் வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அதற்கு ஒரு குறை இருந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் அணைந்துவிடாமல், வேகம் குறைந்து, அடங்கிய சத்தத்தில் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஸ்லோவில் நிற்பது என்று டிரைவர்கள் சொல்வார்கள். எங்கள் வண்டி ஸ்லோவில் நிற்காது. குளிர்க்காய்ச்சல் கண்டவனைப் போல உடம்பெல்லாம் நடுங்கி, இரண்டு முறை இருமி, அணைந்துவிடும். பிறகு இறங்கிப்போய் முன்னால் ஹேண்டிலைச் சொருகிச் சுற்ற வேண்டும். அதனால் அப்பா எங்கே நிறுத்தினாலும் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடியேதான் இருப்பார்.

குறை கார்பரேட்டரில். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற, ஒரு சொம்பு அளவே உள்ள உறுப்பு. அதன் பக்கவாட்டில் இரண்டு திருகுகள் உண்டு. ஒன்றைத் திருப்பினால் வேகம் கூடும், குறையும். மற்றொன்று கலவைக்கு. கலவைத் திருகை உள்ளே முடுக்கினால் ஓர் இடத்தில் எஞ்சின் திணறும். வெளியே விட்டுக்கொண்டே வந்தால் இன்னோர் இடத்தில் தடதடக்கும். இரண்டுக்கும் நடுவே ஏதோ ஓர் இடத்தில் சத்தம் ஒழுங்காகும். அந்த இடத்தைக் காதால்தான் பிடிக்க வேண்டும். அப்பாவுக்கு அது கேட்காது.

ஆகவே நான் கேட்டேன். மட்கார்டின் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் ஏறி நிற்பேன். அப்பா திருப்புளியைத் திருகின் மேல் வைத்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். எஞ்சின் தத்தளித்தால் உள்ளங்கையை விரித்து ஆட்டுவேன். சத்தம் ஒழுங்காக ஆக ஆக, ஆட்டுவதைக் குறைப்பேன். சீராகிவிட்டால் கையை அசையாமல் நீட்டிப் பிடிப்பேன். அவர் திருப்புளியை எடுத்துவிடுவார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இப்படிப் போயின. மூன்று நாள் நான்கு நாள் வண்டி சரியாக இருக்கும், பிறகு பழையபடி ஆகிவிடும். எனக்கு அதில் அலுப்பே இல்லை. வீட்டில் வேறு யாராலும் செய்ய முடியாத ஒரு காரியம் என்னிடம் இருந்தது. அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்த வருஷம் அம்மா கர்ப்பமாக இருந்தாள். எனக்குப் பிறகு பதினோரு வருஷம் கழித்து. எட்டு மாதம் முடியப் போகிறது என்று எங்களோடு இருந்த அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. கணவர் போன பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். பிள்ளை பிறந்தால் குளிப்பாட்டுவதற்கென்று புதுத் தகரத் தொட்டி ஒன்றை வாங்கிவரச் சொல்லி, அதை யாரும் தொடக்கூடாது என்று மேலே கட்டித் தொங்கவிட்டிருந்தாள். தம்பிதான் என்று நான் முடிவு செய்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

ஒருநாள் காலை, பள்ளிக்கூடம் இல்லாத நாள், நர்சம்மா வந்தாள். அத்தைதான் விடிந்ததும் போய் அழைத்து வந்திருந்தாள். நர்சம்மா ஒரு மரக்குழலை அம்மாவின் வயிற்றில் வைத்து, அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்டாள். வழக்கமாகச் சற்று நேரம் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே நிமிர்கிறவள், அன்று இடம் மாற்றி இடம் மாற்றி வைத்துக் கேட்டாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காது கொடுத்துக் கேட்கிற வேலை எனக்கும் தெரியும் என்பதால், அவள் எவ்வளவு கவனமாக வேலை செய்கிறாள் என்று மெச்சிக்கொண்டேன். அத்தை என்னை வெளியே போகச் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் நர்சம்மா வெளியே வந்து, அப்பாவைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். எங்கள் வீட்டில் அப்பாவிடம் எதையும் உரக்கத்தான் சொல்ல வேண்டும். நர்சம்மா உரக்கச் சொல்லவில்லை. அவருக்கு நேரே நின்று, மெதுவாக வாயசைத்து ஏதோ சொன்னாள். அப்பா புரியாதவர்போல் தலையை ஆட்டினார். மறுபடி சொன்னாள். பிறகு தன் வலது கையை நெஞ்சருகே கொண்டுபோய், இல்லை என்பதுபோல் ஒருமுறை விரித்துக் காட்டினாள். அப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கம்போல என்னைத் திரும்பிப் பார்ப்பார், போய்ச் சொல்லலாம் என்று நான் காத்திருந்தேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"இன்னிக்குள்ள பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போயிடுங்க. டாக்டரம்மா பாத்துப்பாங்க" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு நர்சம்மா போய்விட்டாள்.

எனக்குக் காதில் விழுந்தது அது ஒன்றுதான். அதற்கு ஒரே அர்த்தம்தான் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்றால் தம்பி வரப்போகிறான். நான் ஓடிப்போய் அம்மாவின் துணிகளை எடுத்துப் பையில் வைத்தேன். பழைய வெள்ளைத் துணிகளை மடித்து வைத்தேன். அம்மா சுவரைப் பார்த்துக் கட்டிலில் படுத்திருந்தாள். "தம்பி இன்னிக்கே வந்துடுவானாம்மா?" என்று கேட்டேன். அவள் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் விடவே இல்லை. கடைசியில் நான்தான், துணி எடுக்கணும் என்று சொல்லிக் கையை உருவிக்கொண்டு போனேன்.

ரிக்‌ஷா ஒன்றைப் பிடித்து வரலாம் என்று அத்தை சொன்னாள். அப்பா கையை வீசி மறுத்தார். "அது பள்ளத்துல பள்ளத்துல தூக்கிப் போடும். நானே கூட்டிக்கினு போறேன்" என்றார். பிறகு போய் வண்டியின் பானெட்டைத் திறந்தார்.

அந்த வாரம் வண்டி மிகவும் மோசமாக இருந்தது. ஸ்லோவில் விட்டால் பின்தொட்டிப் பலகைகளெல்லாம் கடகடவென்று ஆடின. அதன் மேல் அம்மாவைப் படுக்கவைத்து ஓட்டிப்போக அப்பாவுக்கு மனமில்லை என்று எனக்கும் புரிந்தது. எதையும் நன்றாகச் செய்கிறவர் அவர். கார்பரேட்டரைக் கழற்றினார். தரையில் துணி விரித்து ஒவ்வொன்றாக வைத்தார். பெட்ரோலில் கழுவினார். வாயால் ஊதினார். ஊசி நுழையாத துளைகளில் பிரஷ் முடி ஒன்றை விட்டு எடுத்தார். மறுபடி பூட்டினார். ஹேண்டில் போட்டுக் கிளப்பினார். நான் கல்லின் மேல் ஏறினேன்.

எஞ்சின் சூடேறும்வரை ஓடவிட்டார். திருகை உள்ளே முடுக்கினார், வெளியே விட்டார். சத்தம் ஒழுங்காகும்போல வந்து கலைந்தது. என் கை ஆடிக்கொண்டே இருந்தது. வண்டியை நிறுத்தினார். பிளக்குகளைக் கழற்றித் தேய்த்தார். மறுபடி கிளப்பினார். மறுபடி நிறுத்தினார். வெயில் ஏறி, உச்சிக்கு வந்து, மேற்கே சாய்ந்தது. யாரும் சாப்பிடவில்லை. அத்தை இரண்டு முறை வந்து பார்த்தாள்.

"எத்தினி நேரம்டா அதப் போட்டு நோண்டிக்கினு இருப்ப? உள்ள ஒருத்தி படுத்துனு இருக்கறா" என்று கேட்டாள். அப்பாவுக்கு அது கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் அன்று நிமிர்ந்திருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கோ பொறுக்கவில்லை. தம்பி பாதி வழியில் பிறந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். நாளை பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்ல வேண்டுமே என்று ஓர் அவசரம். இரண்டும் கலந்து கால் வலியோடு நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். கார்பரேட்டர் எஞ்சினோடு சேரும் அடிப்பக்கத்திலிருந்து, எஞ்சின் சத்தத்துக்குக் கீழே, மெல்லிய ஒரு சீறல். பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுவது போன்ற சத்தம். அதுவரை இல்லாதது. அல்லது இருந்து, நான் திருகின் பக்கமே கவனம் வைத்திருந்ததால் கேட்காமல் விட்டது. அங்கேதான் ஏதோ கோளாறு, அதனால்தான் எத்தனை திருப்பியும் நிலைக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பதினோரு வயதுக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. வேறு நாளாக இருந்தால் கத்திக் கூப்பாடு போட்டிருப்பேன்.

சொன்னால் மறுபடி எல்லாவற்றையும் கழற்றுவார். இருட்டிவிடும்.

அப்பா திருகைக் கொஞ்சம் திருப்பிவிட்டு என்னைப் பார்த்தார். சத்தம் முன்பைவிடப் பரவாயில்லை. ஆனால் சீராக இல்லை. நான் கையை அசையாமல் நீட்டிப் பிடித்தேன். அவர் புருவத்தைத் தூக்கினார். நான் வாய் நிறையக் கத்தினேன்:

"சரியாயிடுச்சிப்பா! ஒரே சீரா ஓடுது! போதும், போலாம்!"

அப்பா எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு திருப்புளியைத் துணியில் துடைத்துப் பையில் போட்டுவிட்டு பானெட்டை மூடினார்.

பின்தொட்டியில் வைக்கோல் பரப்பி, மேலே மெத்தையைப் போட்டு, வெயில் படாமல் தார்ப்பாயை வளைத்துக் கட்டினார்கள். அம்மாவை அப்பாவும் அத்தையும் இருபுறமும் தாங்கி ஏற்றினார்கள். அத்தை அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் முன்னால் அப்பாவுக்குப் பக்கத்தில். பின்னாலிருந்து யாராவது ஹாரன் அடித்தால் அவர் தோளைத் தொட வேண்டும். அது என் வேலை.

ரெட்டியார்பாளையம் தாண்டும்வரை ஒன்றும் ஆகவில்லை. அப்பா மிக மெதுவாக ஓட்டினார். மாட்டுவண்டிகள்கூட எங்களைக் கடந்துபோயின. நெல்லித்தோப்பை நெருங்கும்போது சாலை நிறையக் கூட்டம். மாதா கோயில் திருவிழா. பூவால் அலங்கரித்த சிறிய தேரைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வெள்ளை உடுப்பில் சிறுமிகள் மெழுகுவத்தி பிடித்து நடந்தார்கள். பாட்டுச் சத்தம். ஒதுங்க இடமில்லை. அப்பா ஓரமாக நிறுத்தி, காலை எடுத்தார்.

ஸ்லோவில் நிற்கும் என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா? அதை நம்பித்தான் எடுத்தார்.

வண்டி நடுங்கியது. இரண்டு முறை இருமியது. அணைந்தது.

அப்பா இறங்கி ஹேண்டிலைச் சுற்றினார். பிடிக்கவில்லை. மறுபடி சுற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி முழுவதும் குலுங்கியது. தார்ப்பாய்க்குள்ளிருந்து சத்தமே இல்லை. கூட்டத்தில் சிலர் எட்டிப் பார்த்தார்கள். வயதான ஓர் அம்மாள், தலையில் முக்காடு, கையில் ஜெபமாலை, தார்ப்பாயை விலக்கி உள்ளே பார்த்தாள்.

"பிரசவத்துக்கா? பயப்படாத பொண்ணே, மாதா தொணையிருப்பா. புள்ள நல்லபடியா பொறக்கும்" என்று சொல்லி, தேரிலிருந்து எடுத்த பூவை அம்மாவின் வயிற்றின் மேல் வைத்தாள். அம்மா கண்களை மூடிக்கொண்டாள். அத்தை அந்த அம்மாளுக்குக் கைகூப்பினாள்.

தேர் கடந்துபோன பிறகு நாலைந்து பேர் வண்டியைத் தள்ளினார்கள். கொஞ்ச தூரம் ஓடியபின் எஞ்சின் பிடித்தது. எவ்வளவு நேரமாகியிருக்கும் என்று தெரியாது. எனக்கு அது முடியவே முடியாத நேரம். என் காதில் அந்தச் சீறல் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பாவின் சட்டை முழுவதும் நனைந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசல்வரை அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை.

தம்பி பிறந்தான். உயிரில்லாமல் பிறந்தான்.

அத்தை மறுநாள் காலையில் சொன்னாள். ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். "தம்பி தங்கலடி" என்றாள், அவ்வளவுதான். எப்படி, எப்போது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நெல்லித்தோப்பில் நின்ற அந்த நேரத்தில்தான். ஹேண்டிலைச் சுற்றச் சுற்ற வண்டி குலுங்கியதே, அப்போதுதான்.

அப்பா ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலத்தோடு வெளியே வந்தார். நான் மடித்து வைத்த துணிகளில் ஒன்று. அதை அத்தையின் கையில் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். அத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால், மெத்தையில்லாத பலகையில்.

இடுகாட்டு வாசலில் நிறுத்தி, என்னை முன்னால் கூப்பிட்டார். ஹேண்ட்பிரேக்கைப் போட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் தள்ள ஆளில்லை.

"பாப்பா, இங்க ஒக்காரு. இதக் காலால லேசா மெதிச்சிக்கினே இரு. நாங்க வர்ற வரைக்கும் வுட்றாத."

டிரைவர் சீட்டின் நுனியில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, காலை நீட்டி ஆக்சிலேட்டரை மிதித்தேன். விரல் நுனிதான் எட்டியது. அவர்கள் உள்ளே போனார்கள். மண்வெட்டியோடு ஓர் ஆள் கூடப் போனான். கொஞ்சம் அதிகமாக மிதித்தால் எஞ்சின் உறுமியது. அந்த இடத்தில் அப்படி உறுமுவது தப்பு என்று பட்டது. குறைத்தால் நடுங்கியது. இரண்டுக்கும் நடுவே பிடித்துக்கொண்டே இருந்தேன். கால் மரத்துப்போனது. அணைந்தால் அப்பா மண்ணுக் கையோடு ஹேண்டில் சுற்ற வேண்டும். அணையவிடவில்லை. அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒருநாள் மாலை, நெல்லித்தோப்பில் கராஜ் வைத்திருந்த பாய் எங்கள் வீட்டுக்கே வந்து வண்டியைப் பார்த்தார். கார்பரேட்டரைக் கழற்றி, அடியில் காற்றுப் புகாமல் அடைக்க வைத்திருந்த அட்டையை எடுத்துக் காட்டினார். ஓரத்தில் கிழிந்திருந்தது. "இதுல காத்து இழுக்குதுங்க. நீங்க ஸ்க்ரூவத் திருப்பி என்னா ஆவப்போவுது? சீறுமே, சத்தம் கேக்கலியா?" என்றார். அப்பா அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு எதுனா கேட்டுச்சா பாப்பா?"

"இல்லப்பா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். புரிந்தும் ஆட்டுவார், புரியாமலும் ஆட்டுவார். அன்றைக்கு எது என்று எனக்குத் தெரியவில்லை. அதன்பின் அவர் பானெட்டைத் திறந்தபோதெல்லாம் எனக்குப் படிக்க வேண்டியிருந்தது, தண்ணீர் எடுக்க வேண்டியிருந்தது, வயிறு வலித்தது. இரண்டு மூன்று முறைக்குப் பிறகு அவர் கூப்பிடுவதை விட்டுவிட்டார். புது அட்டை போட்ட பிறகு வண்டியும் அவ்வளவாகத் தொந்தரவு கொடுக்கவில்லை. சில வருஷத்தில் அதை விற்றுவிட்டு மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறைக்குக் காவல் வேலைக்குப் போனார். என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம், ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டார். நான் அவரிடம் சொல்லவே இல்லை.

அம்மாவிடம் சொன்னது எண்பதுகளின் கடைசியில். என் முதல் பிரசவத்துக்கு அதே பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அன்று காலையிலிருந்து வயிற்றில் அசைவு குறைந்தாற்போல் எனக்கொரு சந்தேகம். டாக்டரம்மா பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத்தான் அடங்கவில்லை. நான் செய்ததற்கு விதி என் பிள்ளையிடம் கணக்குத் தீர்க்கப் பார்க்கிறதோ என்று அழ ஆரம்பித்துவிட்டேன். அம்மா பயந்துபோய் என்ன என்னவென்று கேட்டாள். சீறலையும், கையை நீட்டியதையும், கத்தியதையும், எல்லாவற்றையும் சொன்னேன். பத்து வருஷத்துக்கு மேல் வைத்திருந்ததைச் சொல்லி முடிக்கச் சிறிது நேரம்தான் ஆனது.

அம்மா நான் சொல்லி முடிக்கும்வரை என் முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு ரெண்டு நாளு முன்னயே எனக்குத் தெரியும்டி" என்றாள். "அசைவே இல்ல. ஒங்க அத்தகிட்டகூட ஒரு நாளு கழிச்சித்தான் சொன்னேன். நர்சம்மா கொழலு வச்சிப் பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கினாங்களே, அப்பதான் அவளுக்கே நிச்சயமாத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனது எடுக்கறதுக்குத்தான்."

"அப்பாவுக்கு?"

"அன்னிக்கிக் காலையிலதான் சொன்னாங்க. போயி வண்டியத் தொறந்து வச்சிக்கினாரு. பாவம், அவரு என்னா பண்ணுவாரு? கெளம்பிட்டா எல்லாம் முடிஞ்சிபூடும் இல்ல."

அடுத்த கட்டிலில் ஒரு குழந்தை அழுதது. அம்மா அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"ஒனக்குத் தெரியுமா, வண்டி நிக்குமே, அந்தச் செவுரு ஓரமாத்தான் என் கட்டுலு. வண்டி ஓடறப்ப செவுரு அதிரும், கட்டுலு அதிரும், வயிறும் அதிரும். ஒவ்வொரு வாட்டியும் உள்ள இருக்கறதுதான் அசையுதோன்னு கைய வச்சிப் பாப்பேன். வண்டி நின்னுடும். ஒண்ணும் இருக்காது. மறுபடி கெளப்புவாரு. மறுபடி கைய வச்சிப் பாப்பேன். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். யாராச்சும் போதும்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சி எனக்கு."

என் முடியை மறுபடி ஒதுக்கிவிட்டாள்.

"நீதான் சொன்ன."

சொல்லிவிட்டு, ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கிவரப் போய்விட்டாள்.

அப்பா அம்மாவைக் குலுக்காமல் கொண்டுபோக வேண்டும் என்றுதான் அன்று முழுவதும் அந்தத் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் தம்பி வழியிலேயே பிறந்துவிடக்கூடாதே என்று பொய் சொன்னேன். இருவரும் அம்மாவுக்காகத்தான் செய்தோம். ஆனால் இரண்டடிக்கு அந்தப் பக்கம், சுவரோடு ஒட்டிக்கொண்டு, அவள் எதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள் என்று உள்ளே போய் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூட எனக்கு அப்போது தெரியாது.